சண்டைக்குப் போகாதவர் பெயரில் ஒரு போர்க்கப்பல்: யுஎஸ்எஸ் ஹாப்பர்

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கடற்படையில் யுஎஸ்எஸ் ஹாப்பர் என்று ஓர் ஏவுகணைக் கப்பல் இருக்கிறது. அது கிரேஸ் ஹாப்பர் என்ற கணினி அறிஞரின் பெயர் என்கிறார்கள். போர்முனைப் பக்கமே போகாத ஒரு கணக்குப் பேராசிரியரின் பெயரைப் போர்க்கப்பலுக்கு வைப்பானேன்? பெண் என்பதற்காகக் கொடுத்த மரியாதையா?"

மரியாதைதான், ஆனால் ஒப்புக்குக் கொடுத்த மரியாதை இல்லை. பெயருக்கும் கப்பலுக்கும் இவ்வளவு பொருத்தம் அமைவது அபூர்வம் என்றே நினைக்கிறேன். காரணம் புரிய, முதலில் அந்தக் கப்பல் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

ஹாப்பர், ஆர்லி பர்க் வகையைச் சேர்ந்த நாசகாரிக் கப்பல். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், பாத் அயர்ன் ஒர்க்ஸ் என்ற பழைய கப்பல் கட்டும் தளத்தில் 1995 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. 1996 ஜனவரி 6 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். கிரேஸ் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1992 ஜனவரி 1 அன்று காலமாகிவிட்டார். அதனால் கப்பலுக்குப் பெயர் சூட்டும் பொறுப்பை ஏற்றவர் அவருடைய தங்கை மேரி. 1997 செப்டம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் முறைப்படி கடற்படையில் சேர்ந்தது. அதன் தாய்த்துறைமுகம் ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் ஆனது.

நீளம் சுமார் 154 மீட்டர், அகலம் 20 மீட்டர். நான்கு கேஸ் டர்பைன்கள் சேர்ந்து 1,00,000 குதிரைத்திறன் தருகின்றன. மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் ஓடும். மாலுமிகளும் அதிகாரிகளுமாகச் சுமார் 300 பேர். மேல்தளத்துக்குக் கீழே, செங்குத்தாக ஏவும் 90 ஏவுகணை அறைகள். முன்பக்கம் ஒரு பீரங்கியும் உண்டு. ஆனால் இந்தக் கப்பலின் உயிர் பீரங்கியில் இல்லை.

ஆர்லி பர்க் வகைக் கப்பலின் படம் கிடைத்தால் நடுவில் எழும்பி நிற்கும் கட்டடத்தைப் பாருங்கள். அதன் நான்கு மூலைகளிலும் எட்டுப் பக்கங்கள் கொண்ட பெரிய தட்டைப் பலகைகள் பதித்திருக்கும். அதுதான் ஸ்பை-1 ரேடார். பழைய ரேடாரைப் போல அது சுழலாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உறுப்புகளிலிருந்து கிளம்பும் அலைகளின் நேரத்தைத் துளித்துளியாக மாற்றி, கற்றையை வேண்டிய திசைக்குத் திருப்புகிறார்கள். எந்தத் திசையில் எப்போது பார்ப்பது, வந்த எதிரொலி பறவையா, விமானமா, ஏவுகணையா, அடுத்த வினாடி அது எங்கே இருக்கும் என்பதையெல்லாம் கணக்கிடுவது கணினி. இந்த மொத்த ஏற்பாட்டுக்கு ஏஜிஸ் என்று பெயர். நூற்றுக்கு மேற்பட்ட இலக்குகளை ஒரே நேரத்தில் பின்தொடரும். கணினி நின்றுபோனால் அந்த 90 ஏவுகணை அறைகளும் வெறும் இரும்புப் பெட்டிகள்தான். சுருக்கமாகச் சொன்னால், மிதக்கும் கணக்குக்கூடம். அதற்கு வேறு யார் பெயரை வைப்பது?

சரி, இனி அந்த அம்மையாரைப் பற்றி.

கிரேஸ் மரே 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஹாப்பர் என்பது திருமணத்தால் வந்த பெயர். வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து, 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். வாசரிலேயே பேராசிரியர் வேலை. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியதும் கடற்படையில் சேர வேண்டும் என்று துடித்தார். கொள்ளுத்தாத்தா கடற்படையில் அட்மிரலாக இருந்தவர், அந்த ஈடுபாடு குடும்பத்திலேயே உண்டு. ஆனால் வயது அதிகம் என்றார்கள். எடையும் குறைவு, அவருடைய உயரத்துக்கு இருக்க வேண்டியதைவிட 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7 கிலோ கம்மி. கணிதப் பேராசிரியர் வேலையே நாட்டுக்கு அவசியம், அங்கேயே இருங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். விடவில்லை. விதிவிலக்கு வாங்கி 1943 டிசம்பரில் கடற்படையின் பெண்கள் துணைப்படையான வேவ்ஸில் சேர்ந்தார். அப்போது வயது 37. பயிற்சிப் பள்ளியில் முதலாவதாகத் தேறி, 1944-இல் லெப்டினன்ட் ஜூனியர் கிரேடு என்ற பதவியோடு வெளியே வந்தார்.

அனுப்பிய இடம் ஹார்வர்டு. அங்கே ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் மார்க்-1 என்ற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம், எடை சுமார் 5 டன். வினாடிக்கு மூன்று கூட்டல் போடும். ஒரு பெருக்கலுக்கு 6 வினாடி, ஒரு வகுத்தலுக்கு 15 வினாடி. இன்றைக்குக் கேட்டால் ஆமைவேகம், அன்றைக்கு அதற்கு ஈடு கிடையாது. அதை வடிவமைத்த ஹவர்டு ஐக்கன் அப்போது கடற்படை கமாண்டர். புதிதாக வந்து நின்ற லெப்டினன்டைப் பார்த்து, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று சீறிவிட்டு, இயந்திரத்தைக் கைகாட்டி, ஆர்க் டேஞ்சென்ட் தொடரின் கெழுக்களை அடுத்த வியாழனுக்குள் கணக்கிட்டுத் தரச் சொன்னாராம். கிரேஸ் பிற்காலத்தில் மேடைதோறும் ரசித்துச் சொன்ன கதை இது.

அந்த அறையில் நடந்தது முழுக்க முழுக்கப் போர் வேலை. பீரங்கியைச் சுடும்போது எந்தக் கோணத்தில் தூக்கினால் குண்டு எங்கே விழும் என்ற அட்டவணைகள், கண்ணிவெடிகளை அகற்றுவதற்கான கணக்குகள் எல்லாம் கடற்படையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். 1944-இல் ஜான் வான் நியூமன் என்ற கணித மேதை ஒரு கணக்கோடு வந்து தங்கி வேலை செய்தார். அது அணுகுண்டின் உள்வெடிப்பு சம்பந்தப்பட்டது என்பது அங்கே இருந்தவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இயந்திரம் இரவு பகலாக ஓடும். ஆணைகளைக் காகித நாடாவில் 24 துளை வரிசைகளாகக் குத்தி உள்ளே விட வேண்டும். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால் நாடாவின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிடுவார்கள். ஒரு துளை இடம் மாறிக் குத்தினால் போச்சு, விடை தப்பு.

இங்கேதான் எல்லாவற்றுக்கும் விதை விழுந்தது. கிரேஸும் அவரோடு வேலை பார்த்த ரிச்சர்டு பிளாக், ராபர்ட் கேம்பெல் இருவரும் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். சைன் கணக்கிட ஒரு துண்டு, வர்க்கமூலம் எடுக்க ஒரு துண்டு என்று சரியாக ஓடிய ஆணை வரிசைகளை அதில் எழுதி வைப்பார்கள். இன்னொரு கணக்கு வரும்போது ஒருவர் நோட்டிலிருந்து மற்றவர் எடுத்து எழுதிக்கொள்வார். அப்படி எழுதும்போது ஒவ்வொரு ஆணையிலும் உள்ள முகவரி எண்களை, அதாவது இயந்திரத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்களை, புதிய இடத்துக்கு ஏற்றபடி கூட்டி மாற்ற வேண்டும். மெத்தப் படித்த கணிதக்காரர்கள்தான், ஆனாலும் நகல் எடுப்பதில் தப்பு வரும், கூட்டலில் தப்பு வரும். நகல் எடுப்பதும் கூட்டுவதும் இயந்திரம் தப்பில்லாமல் செய்யும் வேலைகளாயிற்றே, அதை ஏன் மனிதன் செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியை மனதில் போட்டுக்கொண்டே அவர் ஆண்டுக்கணக்கில் நடந்தார்.

போர் முடிந்ததும் நிரந்தரக் கடற்படையில் சேர விண்ணப்பித்தார். வயதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ரிசர்வ் அதிகாரியாகத் தொடர்ந்துகொண்டே, 1949-இல் பிலடெல்பியாவில் எக்கர்ட்டும் மாக்லியும் நடத்திய நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே யுனிவாக் கணினி உருவாகிக்கொண்டிருந்தது. 1951, 52-இல் ஏ-0 என்ற தன் கம்பைலரை எழுதினார். பழைய நோட்டுத் துண்டுகள் எல்லாம் இப்போது காந்த நாடாவில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண். புரோகிராம் எழுதுகிறவர் எண்களை வரிசையாகக் கொடுத்தால் போதும், கணினியே துண்டுகளைத் தேடி எடுத்து, முகவரிகளைக் கூட்டி, ஓடக்கூடிய முழு புரோகிராமாகக் கோத்துக் கொடுக்கும். இன்றைய கம்பைலரோடு ஒப்பிட்டால் எளிமையானதுதான். ஆனால் கணினி தனக்கான புரோகிராமைத் தானே எழுதும் என்பதை நம்பவே ஆள் இல்லாத காலம் அது. கணினி கூட்டல் கழித்தல் போடும், புரோகிராம் எல்லாம் எழுதாது என்று அவரிடமே சொன்னார்கள்.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. கணக்குப் பிரிவில், கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு எண்களும் குறியீடுகளும் ஒத்துவராது, அவர்கள் சாதாரண ஆங்கில வார்த்தைகளில் ஆணை கொடுக்கட்டும் என்றார். அதைக் காட்ட ஒரு சின்ன மாதிரி செய்தபோது, அதே புரோகிராமைப் பிரெஞ்சு வார்த்தைகளிலும் ஜெர்மன் வார்த்தைகளிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதானே! பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று நிர்வாகம் மிரண்டுபோனது. இனி ஆங்கிலத்தில் மட்டும்தான் செய்வோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே வேலை நகர்ந்ததாம். அதன் விளைவுதான் ஃப்ளோ-மேட்டிக் மொழி.

1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பென்டகனில் ஒரு கூட்டம் கூட்டியது. ஒவ்வொரு கணினி நிறுவனமும் ஒரு மொழி வைத்திருந்தால் அரசுக்குக் கட்டுப்படியாகாது, எல்லா இயந்திரங்களிலும் ஓடும் ஒரே வணிக மொழி வேண்டும் என்பது நோக்கம். அங்கே பிறந்தது கோபோல். அதை எழுதியவர் கிரேஸ் ஹாப்பர் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. எழுதியது ஒரு குழு, ஜீன் சாமெட் போன்றவர்களின் உழைப்பு அதில் நிறைய. கிரேஸ் ஆலோசகராக இருந்தார். ஆனால் அந்தக் குழு அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டது பெரும்பாலும் ஃப்ளோ-மேட்டிக்கைத்தான். 1960 டிசம்பரில் ஒரே கோபோல் புரோகிராமை ஆர்சிஏ கணினியிலும் யுனிவாக் கணினியிலும் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டும் போட்டி நிறுவனங்களின் இயந்திரங்கள். நம் ஊரில் 1990-களின் கடைசியில், 2000 பிறந்தால் கணினிகள் தேதியைத் தப்பாகப் படிக்கும் என்ற ஒய்2கே பரபரப்பில், கோபோல் படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! அந்தத் தலைமுறைக்குச் சோறு போட்ட மொழியின் வேர் இங்கே இருக்கிறது.

கப்பல் பெயருக்கு இவ்வளவும் பின்னணிதான். கடற்படை அவரைத் தன்னுடையவர் என்று உரிமை கொண்டாடக் காரணம் அடுத்த இருபது ஆண்டுகள்.

1966 கடைசியில், 60 வயதில், கமாண்டர் பதவியில் அவரை ஓய்வு பெறச் சொன்னார்கள். மனம் உடைந்து வீட்டுக்குப் போனார். ஏழே மாதம். 1967 ஆகஸ்டில் திரும்பக் கூப்பிட்டார்கள், ஆறு மாத வேலை என்று. கடற்படை முழுக்க வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள், எல்லோரும் எங்களிடம் கோபோல் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் ஓரிடத்தில் ஓடும் புரோகிராம் இன்னோரிடத்தில் ஓடாது. இதைச் சரிசெய்ய வேண்டும். அவர் குழு சோதனை புரோகிராம்களை எழுதியது. எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, அந்தச் சோதனையை ஓட்டிக் காட்டினால்தான் அது கோபோல். கடற்படைக்காக எழுதிய அந்தச் சோதனைகள் பிறகு நாட்டின் கணினித் தரநிர்ணயத்துக்கே வழிகாட்டின. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். கம்பைலர் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஒரு மொழியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. ஆயிரம் பேர் அதை ஒரே மாதிரி பேசும்படி செய்வதற்கு அதிகாரமும் பொறுமையும் பிடிவாதமும் வேண்டும். அதிகாரியாக அவர் யார் என்பது அங்கேதான் தெரிகிறது.

ஆறு மாதம் நீண்டுகொண்டே போனது. 1971-இல் மறுபடி ஓய்வு, 1972-இல் மறுபடி அழைப்பு. 1973-இல் கேப்டன். 1983-இல் அதிபர் ரீகன் சிறப்பு நியமனமாக கமோடோர் பதவி கொடுத்தார். 1985-இல் அந்தப் பதவியின் பெயர் ரியர் அட்மிரல் என்று மாறியது. 1986 ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டன் துறைமுகத்தில், 1797-இல் தண்ணீரில் இறக்கிய கான்ஸ்டிடியூஷன் என்ற மரக்கப்பலின் மேல்தளத்தில் ஓய்வு பெற்றார். வயது 79. அப்போது பணியில் இருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர் அவர்தான்.

அவருடைய வகுப்புகளில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நானோ வினாடி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு துண்டுக் கம்பியைக் கொடுப்பார். நீளம் 11.8 அங்குலம், கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்காந்த அலை அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். கூடவே மைக்ரோ வினாடி என்று 984 அடிக் கம்பிச் சுருள் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார், புரோகிராம் எழுதுகிறவர்கள் இவ்வளவை வீணாக்குகிறோம் என்பது உறைக்கட்டும் என்று. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று அட்மிரல்கள் கேட்டால், இங்கிருந்து அங்கே போக எத்தனை நானோ வினாடி இருக்கிறது பாருங்கள் என்பார்.

இப்போது அந்தக் கம்பியைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ரேடார் அனுப்பும் அலையும் அதே வேகத்தில்தான் போகிறது. 150 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் ஏவுகணையில் பட்டுத் திரும்ப ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எதிரொலி வந்து சேர்ந்த நேரத்தை ஒரு மைக்ரோ வினாடி தப்பாக அளந்தால், இலக்கின் தூரம் 150 மீட்டர் தப்பிவிடும். பார்வையாளர்களுக்கு அவர் நீட்டிய 30 சென்டிமீட்டர் கம்பி, அவர் பெயர் தாங்கிய கப்பலின் அன்றாட அளவுகோல்.

சண்டைக்குப் போகவில்லை என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் அது ஒரு குறையாகத் தெரிகிறது. அவர் போகாமல் இருக்கவில்லை, போக முடியாமல் இருந்தது. 1948-இல் வந்த சட்டம் பெண்களை நிரந்தரக் கடற்படையில் சேர்த்துக்கொண்டது, ஆனால் போர்க்கப்பலில் பணியாற்றக் கூடாது என்றும் சொன்னது. 1978-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் போரில் ஈடுபடாத கப்பல்கள் திறந்தன. போர்க்கப்பல்களுக்கான தடை 1993 கடைசியில் நீங்கியது. அதாவது, அவர் இறந்து கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கழித்து. அவர் பணியில் இருந்த காலத்தில், பிறகு அவர் பெயர் தாங்கிய கப்பலைப் போன்ற ஒரு போர்க்கப்பலில் பணி நியமனம் பெற அவருக்கே உரிமை இருக்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சில தவறான தகவல்களும் சுற்றுகின்றன. பெண் பெயர் கொண்ட முதல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஹாப்பர் இல்லை. கடற்படைச் செவிலியர் படையின் தலைவராக இருந்த லீனா ஹிக்பீ பெயரில் 1945 ஜனவரியிலேயே ஒரு நாசகாரிக் கப்பல் பணிக்கு வந்துவிட்டது. 1972-இல் வியட்நாம் கடற்கரை அருகே மிக் விமானத்தின் குண்டு அந்தக் கப்பலைத் தாக்கியது. 2023-இல் ஹிக்பீ பெயரில் இன்னொரு கப்பலும் வந்திருக்கிறது. கடற்படையின் முதல் பெண் அட்மிரலும் கிரேஸ் இல்லை, 1972-இல் அந்தப் பதவிக்கு வந்த அலீன் டூர்க். அப்புறம் அந்த விட்டில்பூச்சிக் கதை: கணினிக்குள் சிக்கிய பூச்சியைப் பிடித்து, கோளாறுக்கு 'பக்' (ஆங்கிலத்தில் பூச்சி) என்று பெயர் வைத்தவர் கிரேஸ் என்பார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க்-2 இயந்திரத்தின் ஒரு ரிலேயில் விட்டில்பூச்சி சிக்கியிருந்தது உண்மை. அதைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டியதும் உண்மை, அந்தப் பக்கம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் பூச்சியைப் பிடித்தவர் அவர் இல்லை. இயந்திரக் கோளாறை 'பக்' என்று சொல்வது எடிசன் காலத்திலேயே இருந்த வழக்கம். கதையை உலகம் முழுக்கப் பரப்பியவர் வேண்டுமானால் அவர்தான்.

கடைசியாக, பெயருக்கு ஏற்ற மாதிரி இந்தக் கப்பல் என்ன செய்தது? 2008 ஜனவரியில் ஹோர்முஸ் நீரிணையில் ஈரானின் விசைப்படகுகள் நெருங்கி வந்த மூன்று அமெரிக்கக் கப்பல்களில் இதுவும் ஒன்று. செய்திகளில் பெரிதாக அடிபட்டது அதுதான். நான் முக்கியமாக நினைப்பது 2009 ஜூலை 30. ஹவாயின் கவாய் தீவிலிருந்து மாலை 5.40-க்கு சோதனைக்காக ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையை ஏவினார்கள். ஹாப்பர் அதைக் கண்டு, அதன் பாதையைக் கணக்கிட்டு, 5.42-க்குத் தன் எஸ்எம்-3 ஏவுகணையை விட்டது. அடுத்த இரண்டு நிமிடத்தில், பசிபிக் கடலுக்கு மேல் சுமார் 160 கிலோமீட்டர் உயரத்தில், இரண்டும் நேருக்கு நேர் மோதின. எஸ்எம்-3-இன் முனையில் வெடிமருந்து கிடையாது, மோதலின் வேகத்திலேயே இலக்கை அழிக்க வேண்டும். பக்கத்தில் போய் வெடித்தால் போதும் என்ற சலுகை அதில் இல்லை. கணக்கு சரியாக இருந்தால் படும், இல்லாவிட்டால் படாது. அன்று பட்டது.